பிக் லைன் அடைப்பு: கிளாம்ப் போடும் வரிசையைப் பாருங்க

அம்மாவுக்குக் கீமோவுக்காக மேல்கையில் போட்ட பிக் லைனில் (கை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை போகும் மெல்லிய குழாய்) சலைன் உள்ளே போகும், ஆனால் இழுத்தால் ரத்தம் வராது. கையைத் தூக்கி, இருமச் சொல்லிப் பார்த்தோம்; எக்ஸ்ரேயில் நுனி சரியான இடத்தில்தான் இருந்தது. அடைப்பைக் கரைக்கிற மருந்து கொடுத்ததும் சரியானது, அப்புறம் மறுபடியும் அதே கதை.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு நர்ஸக்காதான் பிடித்தார்கள்: வீட்டுக்கு வந்து குழாயைச் சலைனால் அலசுபவர் சிரிஞ்சைக் கழற்றிய பிறகு கிளாம்ப் (குழாயை அழுத்தி மூடும் கிளிப்) போடுகிறார். எங்கள் லைனில் இருந்த வகை கனெக்டரில் (சிரிஞ்சை மாட்டும் முனை), கழற்றும் அந்த நொடியில் துளி ரத்தம் பின்னால் ஏறி நுனியில் உறையும். இப்போது 10 மி.லி. சிரிஞ்சில் (சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் குழாயே கிழியலாம்) விட்டு விட்டுத் தள்ளி, கடைசிச் சொட்டு போய்க்கொண்டிருக்கும்போதே கிளாம்ப், பிறகுதான் கழற்றுவது. அதிலிருந்து அடைப்பே இல்லை, நிம்மதி. கனெக்டர் வகைக்கு ஏற்ப இந்த வரிசை மாறும், உங்கள் நர்ஸிடம் கேட்டுக்கோங்க.