நூலகம் மூடிய பிறகு தாத்தாவைத் தேடுவது

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் நூலகத்தில், கதவைச் சாத்திய பிறகு குடும்ப வரலாறு தேட உட்காருகிறோம். வருமுன் பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தக் காகிதத்திலும் இருக்காது.

வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பிறப்புப் பத்திரம், பழைய ஐசி (அடையாள அட்டை), கல்யாணப் பத்திரிகை எல்லாம் வேண்டும். போட்டோ என்றால் பின்பக்கத்தையும் பாருங்கள்.

பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடாதீர்கள். கிராணி, அதாவது தோட்டத்து (எஸ்டேட்) எழுத்தர், காதில் விழுந்ததைத்தான் எழுதினார். என் தாத்தா முனியாண்டி ஒரு தாளில் 'முனண்டி', இன்னொன்றில் 'மணியாண்டி'. இது புரியாமல் இரண்டு இரவு அலைந்தேன், மனசே விட்டுப்போயிற்று. தோட்டத்துக்கும் அப்படித்தான்: பத்திரத்தில் ஆங்கிலப் பெயர், பாட்டி வாயில் நம் ஆட்கள் வைத்த பெயர். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்த கங்காணி எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் திரட்டினார்கள். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. ஆகவே கங்காணியோடு வந்தவர் என்றால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேடுங்கள்.

பென்சிலால் எழுதுங்கள். பழைய தாளில் பேனா மை பட்டால் போகாது.