பூங்காவில் பறவையும் பூச்சியும் பார்ப்பது எப்படி: இருபது நிமிடம் உட்காருங்கள்

"எங்கள் பூங்காவில் காக்கா, புறாவைத் தவிர ஒன்றும் கிடையாது" என்று ஒரு வருடம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் நான்கு சுற்று வேகமாக நடந்துவிட்டு வீடு திரும்புவேன். ஒரு நாள் செருப்பு வார் அறுந்துபோய், வேறு வழியில்லாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தினமும் நான் கடந்துபோகிற மரத்தின் தண்டில் ஒரு மரங்கொத்தி வந்து ஒட்டிக்கொண்டு, பட்டையைத் தட்டித் தட்டிப் புழு தேட ஆரம்பித்தது. அதற்கு மேலே, ஓரங்கள் தேய்ந்த பழைய பொந்து ஒன்று. அத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நீங்களும் அந்த பெஞ்சிலிருந்து தொடங்கலாம். எதுவும் வாங்க வேண்டாம்.

முதல் படி: நேரம்

பறவைகளுக்கு, விடிந்ததும் வரும் இரண்டு மணி நேரம். இரவெல்லாம் பட்டினி கிடந்தவை இரை தேடி வெளியே வரும்; காற்று அடங்கியிருப்பதால் குரலும் தெளிவாகக் கேட்கும். பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் கொஞ்சம் வெயில் ஏற வேண்டும். உடம்பு சூடானால்தான் அவற்றின் இறக்கைத் தசைகள் வேலை செய்யும். அதனால் குளிர்ந்த காலையில் ஒரு பட்டாம்பூச்சி இறக்கையை விரித்தபடி இலைமேல் அசையாமல் இருந்தால், அது வெயில் காய்கிறது. அருகில் போய்ப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அந்தியில் விளக்குக் கம்பங்களைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைப் பிடிக்க வௌவால்கள் வரும். பூங்கா எத்தனை மணிக்கு மூடும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இடம்

நட்டநடுப் புல்வெளியில் அதிகம் கிடைக்காது. புல்லும் புதரும் சேரும் ஓரம், குளக்கரை, பூத்த அல்லது பழுத்த மரம், இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கரிய நிழலாகத்தான் தெரியும். தேர்ந்தெடுத்த இடத்தை மாற்றாதீர்கள். ஒரே இடத்துக்குப் பத்துமுறை போனால், அங்கே எது வழக்கம், எது புதியது என்று கண்ணுக்குத் தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாம் படி: உட்காருவது

இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. நீங்கள் வந்ததைப் பார்த்து எல்லாம் ஒதுங்கியிருக்கும். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணை மூடி, எந்தத் திசையிலிருந்து எத்தனை குரல் வருகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. பிறகு கண்ணைத் திறந்து, எதையும் உற்றுப் பார்க்காமல் மொத்தமாகப் பாருங்கள். ஓர் இலை மட்டும் தனியாக ஆடினால் பார்வையை அங்கே கொண்டுபோங்கள்.

அணில் வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு விடாமல் கத்துகிறதா? பக்கத்தில் பூனையோ பாம்போ பருந்தோ இருக்கலாம். காகங்கள் ஒரு கிளையைச் சுற்றிக் கூடி இரைகின்றனவா? அந்தக் கிளையில் ஆந்தை இருக்கிறதா என்று தேடுங்கள். பூங்காவின் சேதிகளை நமக்கு முன்பே அறிந்தவை இவைதான்.

தரையையும் பாருங்கள். ஈர மண்ணில் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்தால், மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சுகின்றன. செடித் தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால் நுனியைப் பாருங்கள்: அசுவினிப் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீருக்காகப் போகின்றன. உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கி நிமிர்த்தித் தலைகீழாக நிற்பதுபோல் இருக்கும். உடம்பில் படும் வெயிலைக் குறைக்கும் வழி அது. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் படி: பைனாகுலர் (இருந்தால்)

8x42 என்று எழுதியிருந்தால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். தொடங்குபவர்களுக்கு 8 மடங்கு போதும். 12 மடங்கில் கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும்.

இரண்டு கண்களுக்கும் பார்வைத் திறன் ஒன்றாக இருக்காது. அதனால் முதலில் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கத்தில் உள்ள வளையத்தைத் திருப்புங்கள் (பெரும்பாலான கருவிகளில் அது அங்கேதான் இருக்கும்). அதன்பின் நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிடுங்கள். பறவையைக் கண்டதும் குனிந்து கருவியைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

குழந்தைகள் கூட இருந்தால்

இருபது நிமிடம் வேண்டாம், ஐந்து போதும். முதலில் ஓடி விளையாடிக் களைக்கட்டும். பிறகு "ஐந்து வேறு வேறு இலை வடிவம் கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். நாயைக் கொண்டுவந்தால் சங்கிலியைக் கழற்றாதீர்கள், முக்கியமாகத் தரையில் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில்.

சில விஷயங்களில் கண்டிப்பு

குளத்து வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள். அதில் சத்து குறைவு. தின்றது போக மிஞ்சுவது தண்ணீரில் அழுகும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று நினைத்து, அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும்.

சிறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். சிறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்து, கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

கடைசிப் படி: எழுதுவது

தேதி, நேரம், வானிலை, பார்த்தவை, எண்ணிக்கை. ஒரு சின்ன நோட்டு போதும். விரும்பினால் ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் பதிவிடலாம். பிந்தையதில் படம் போட்டால், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இனத்தை அடையாளம் காண உதவுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பில், குறைந்தது 15 நிமிடம் எண்ணிப் பட்டியல் அனுப்பும் யாரும் சேரலாம். 1998 முதல் நடக்கிறது.

பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். "மைனாவைவிடச் சிறியது, வளைந்த அலகு, வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். அடுத்த முறை அது வரும்போது தெரிந்துகொள்ளலாம்.