ரிட்டர்ன் லோடு இல்லாத கப்பல்: எலைட் டேஞ்சரஸ் வணிகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்கப்பல் ஓட்டும் கணினி விளையாட்டான எலைட் டேஞ்சரஸில் வணிகம் செய்வது, அதாவது ஒரு விண்வெளி நிலையத்தில் சரக்கு வாங்கி இன்னொன்றில் விற்பது, அலுப்பூட்டும் வேலை என்று சொல்பவர்களிடம் அவர்கள் ஓட்டும் பாதையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது ஏதாவது ஓர் இணையதளத்தில் ‘டன்னுக்கு அதிக லாபம்’ என்று வரிசைப்படுத்தப்பட்ட பட்டியலின் முதல் வரியாக இருக்கும். சேலத்தில் மாலை நேரங்களில் சேர்ந்து விளையாடும் எங்கள் சிறு வட்டத்திலும் புதிதாக வருகிறவர்கள் அனைவரும் அந்த முதல் வரியில்தான் தொடங்குகிறார்கள், அவர்களில் பலர் ஒரு வாரத்துக்குள் வணிகத்தை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்கோ சண்டைக்கோ போய்விடுகிறார்கள். குறை வணிகத்தில் இல்லை, பாதை போட்ட விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் ஒருவர் போகிற லோடுக்கு என்ன வாடகை என்பதோடு கணக்கை நிறுத்துவதில்லை. சரக்கை இறக்க எவ்வளவு நேரம் காத்துக் கிடக்க வேண்டும், அங்கிருந்து ரிட்டர்ன் லோடு கிடைக்குமா, காலி வண்டியாகத் திரும்பினால் டீசல் செலவு யார் தலையில் விழும் என்றெல்லாம் கேட்ட பிறகே புக்கிங் ஆபீசில் சரி என்று சொல்வார். 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய முதல் எலைட்டிலும், 2014 டிசம்பரில் வெளிவந்த இன்றைய எலைட் டேஞ்சரசிலும், வணிகத்தின் அடிப்படை இதே கேள்விகள்தாம். இன்றைய விளையாட்டில் சுமார் 40,000 கோடி சிஸ்டங்கள் (விண்மீன் குடும்பங்கள்) இருப்பதால் தேர்ந்தெடுக்க வேண்டியது மிகவும் கூடிவிட்டது, அவ்வளவே.

டன்னுக்கு எவ்வளவு லாபம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அந்த லாபத்தைப் பெற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பாராமல் விடுவதுதான் முதல் தவறும் பெரிய தவறும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நூறு டன் ஏற்றிய ஒரு கப்பல், டன்னுக்கு 25,000 கிரெடிட் (விளையாட்டின் பணம்) லாபம் தரும் ஒரு வழிப் பாதையில் போய்க் காலியாகத் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகிறது என்றால், மணிக்கு 37.5 லட்சம் கிரெடிட் கிடைக்கும். போகும்போது 9,000, வரும்போது 7,000 என்று சாதாரணமாகத் தோன்றும் இன்னொரு பாதையைப் பதினாறு நிமிடத்தில் சுற்றி வந்துவிட முடியுமானால், மணிக்கு 60 லட்சம் கிடைக்கும். பட்டியலில் முதல் பாதை உச்சியில் நிற்கும், இரண்டாவதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நேரத்தை விழுங்குவது ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஜம்ப் அல்ல, ஜம்ப் முடிந்த பிறகு நிலையம் வரை சூப்பர்க்ரூஸில், அதாவது சிஸ்டத்துக்குள் விரைந்து பறக்கும் முறையில், போகும் தூரம்தான். எந்த சிஸ்டத்துக்குள் நுழைந்தாலும் கப்பல் அதன் முதன்மை விண்மீனின் அருகில்தான் வெளிப்படும். நிலையம் அங்கிருந்து நூறு ஒளிவிநாடியிலும் இருக்கலாம், லட்சக்கணக்கான ஒளிவிநாடிக்கு அப்பாலும் இருக்கலாம். இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு ஆல்ஃபா சென்டாரியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டல் ஆகும். முதன்மை விண்மீனிலிருந்து ஏறத்தாழ 0.22 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அந்த நிலையத்துக்குச் சாதாரண சூப்பர்க்ரூஸில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அங்கே போனால் ‘அனகொண்டா’ கப்பல் இலவசமாகக் கிடைக்கும் என்று புதியவர்களை அனுப்பி வைப்பது பழைய ஆட்டக்காரர்களின் வாடிக்கையான குறும்பு. அனகொண்டா இறங்கும் அளவுக்கு அங்கே பெரிய பேட் (இறங்குதளம்) கிடையாது என்பதிலேயே அந்தச் செய்தியின் லட்சணம் தெரிந்துவிடும். 2024-இல் வந்த எஸ்சிஓ வகை டிரைவ் (ஜம்ப்புக்கும் சூப்பர்க்ரூஸுக்கும் உதவும் இயந்திரம்) பொருத்தியவர்கள் தொலைதூர நிலையங்களுக்கு வேகமாகப் போக முடிகிறது என்றாலும், அது எரிபொருளைக் குடிக்கும் வேகமும் கப்பலைச் சூடாக்கும் வேகமும் அதிகம் என்பதால், தினமும் ஓடும் வணிகப் பாதைக்கு நான் அதை நம்புவதில்லை. பாதை தேடும்போதே நிலையத்தின் தூரத்துக்கு ஆயிரம் ஒளிவிநாடி என்று உச்சவரம்பு வைத்துவிடுவது நல்லது.

திரும்பும்போது காலியாக வருவது அடுத்த தவறு. இதைத் தவிர்க்க விலைப்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நிலையத்தின் பொருளாதார வகையைப் பார்த்தாலே போதும். வேளாண் நிலையம் தானியங்களையும் பழங்களையும் விற்கும், பயிர் அறுவடை இயந்திரங்களை வாங்கும். தொழிற்சாலை நிலையம் அந்த இயந்திரங்களை விற்கும், உணவுப் பொருள்களை வாங்கும். சுரங்க நிலையத்தின் தாது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து உலோகம் தொழிற்சாலைக்குப் போகும். இப்படி ஒன்றுக்கொன்று தேவைப்படும் இரண்டு நிலையங்களை ஓரிரு ஜம்ப் தூரத்துக்குள் பிடித்துவிட்டால் இருவழி லோடு உறுதியாகிறது. மூன்று நிலையங்களை முக்கோணமாக இணைத்தால் லாபம் சற்றுக் குறையலாம். ஆனால் ஒரே வானத்தையும் ஒரே நிலைய வாசலையும் மாறி மாறிப் பார்த்து அலுத்துப் போகாமல் இருக்கலாம் என்பதால், நான் அதையே பரிந்துரைப்பேன்.

விலைத் தகவலின் வயதைப் பார்க்காமல் கிளம்புவதும் பரவலாக நடக்கிறது. இனாரா போன்ற தளங்களில் தெரியும் விலைகள் விளையாட்டு நிறுவனம் நேரடியாக வெளியிடுபவை அல்ல. அந்த நிலையத்துக்குப் போய்ச் சந்தைத் திரையைத் திறந்த ஏதோ ஓர் ஆட்டக்காரரின் கணினியிலிருந்து அனுப்பப்பட்டவை. எனவே கடைசியாக எப்போது பதிவானது என்ற குறிப்பு விலையைவிட முக்கியமானது. இரண்டு நாள் பழைய தகவலில் அபூர்வமான லாபம் தெரிந்தால், அதை உங்களுக்கு முன்பே பலர் பார்த்திருப்பார்கள் என்று கொள்ளலாம். விலையோடு கையிருப்பையும் தேவையையும் பார்க்க வேண்டும். நீங்கள் கொண்டுபோகும் சரக்கு, அங்குள்ள தேவையின் கால் பங்கைத் தாண்டினால் டன்னுக்குக் கிடைக்கும் விலை இறங்கத் தொடங்கும் என்பது ஆட்டக்காரர்கள் அனுபவத்தில் கண்டிருக்கும் விதி. 700 டன் ஏற்றும் கப்பலோடு 500 டன் தேவையுள்ள நிலையத்துக்குப் போய்விட்டு, ‘தளம் பொய் சொல்லிவிட்டது’ என்று குறைகூறுவதில் பொருளில்லை.

பேட் அளவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் மாட்டிக்கொள்பவர்கள் மிகுதி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்துத் தம்பி ஒருவர், விளையாட்டிலும் வெள்ளியைத்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். டைப்-6 கப்பலில் நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தவர், சேர்த்த பணத்தில் டைப்-7 வாங்கி, முழு லோடோடு அதே பழைய அவுட்போஸ்ட்டுக்கு, அதாவது சிறு நிலையத்துக்கு, போனார். இறங்க அனுமதி கேட்டதும் மறுப்பு வந்தது. மறுபடியும் கேட்டார், மறுபடியும் மறுப்பு. “எறங்க எடமில்லைங்கறாங்கண்ணா, வெள்ளி அத்தனையும் வண்டியிலயே நிக்குது” என்று ஹெட்செட்டில் அவர் புலம்பியதைக் கேட்டு நாங்கள் சிரித்தாலும், பிழை அவர் பக்கம் மட்டும் இல்லை. டைப்-6 நடுத்தரப் பேட்டில் இறங்கும், அதற்கு அடுத்த எண்ணைக் கொண்ட டைப்-7 பெரிய பேட் இல்லாமல் இறங்காது, 2024-இல் வந்த டைப்-8 மீண்டும் நடுத்தரப் பேட்டிலேயே இறங்கும் என்பதை எண்களை மட்டும் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. அவுட்போஸ்ட் எதிலும் பெரிய பேட் கிடையாது. கப்பலை மாற்றும் நாளில் பாதையையும் மாற்ற வேண்டும், தேடும் பக்கத்தில் ‘பெரிய பேட்’ என்ற கட்டத்தை முதலில் குறிக்க வேண்டும்.

கடையில் கப்பலின் ஜம்ப் தூரத்தைப் பார்த்துவிட்டுப் பாதை போடுகிறவர்கள், அது காலிக் கப்பலின் தூரம் என்பதை மறந்துவிடுகிறார்கள். சரக்கு ஏற ஏற எடை கூடி ஜம்ப் தூரம் குறையும். லோடு ஏற்றிய பின் வரைபடத்தில் பாதையை மறுபடி போட்டுப் பார்த்தால், ஒரு ஜம்ப் என்று நினைத்தது மூன்றாக நீண்டிருக்கும். நீண்ட பாதையாக இருந்தால் வழியில் எரிபொருள் எடுக்கக்கூடிய விண்மீன்கள் வேண்டும்: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் ஆகிய ஏழு வகைகளில்தான் ஃபியூல் ஸ்கூப் என்னும் எரிபொருள் எடுக்கும் கருவி வேலை செய்யும். வரைபடத்தில் இவற்றை மட்டும் வடிகட்டிப் பாதை போடும் வசதி இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நின்றவர்களைத் தேடி வந்து உதவும் ‘ஃபியூல் ராட்ஸ்’ என்ற தன்னார்வ ஆட்டக்காரர் குழு உண்டு என்பது ஆறுதல்தான், ஆனால் மூன்று ஜம்ப் வணிகப் பாதையில் அவர்களைக் கூப்பிடும் நிலை வரக்கூடாது.

இனி பணத்தைப் பற்றி. கையிலிருக்கும் கடைசி கிரெடிட் வரை கப்பலிலும் சரக்கிலும் போட்டுவிடுவதைவிட ஆபத்தான பழக்கம் இந்த விளையாட்டில் இல்லை. கப்பல் அழிந்தால் அதன் மதிப்பில் 5 சதவீதத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். டைப்-9 கப்பலின் வெற்று விலை ஏறத்தாழ 7.65 கோடி கிரெடிட் என்பதால், உள்ளே எதையும் மேம்படுத்தாத நிலையிலேயே மீட்புத் தொகை 38 லட்சத்தைத் தொடும், உயர்தரக் கருவிகள் பொருத்தப் பொருத்த அது இன்னும் ஏறும். அந்தத் தொகை கையில் இல்லாதவர் கப்பலை இழந்து, தொடக்கத்தில் தரப்படும் சைட்வைண்டரில் மறுபடி உட்கார வேண்டிவரலாம். சரக்குக்கோ காப்பீடே கிடையாது. தங்கம் போன்ற உலோகத்தை 700 டன் ஏற்றினால் அதன் மதிப்பு மட்டுமே மூன்று கோடியைத் தாண்டும், கப்பல் வெடித்தால் அதில் ஒரு கிரெடிட்டும் திரும்பாது. இரண்டு மீட்புத் தொகையும் ஒரு லோடின் முழு விலையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில்தான் சரக்கு வாங்க வேண்டும். பெரிய கப்பலை அரைகுறைப் பணத்தில் வாங்குவதைவிடச் சிறிய கப்பலை முழுத் தைரியத்தோடு ஓட்டுவது மனத்துக்கும் நல்லது.

இதே பேராசையின் இன்னொரு வடிவம், கூடுதலாகச் சில டன் ஏற்றுவதற்காகக் கப்பலைக் காக்கும் ஷீல்டைக் கழற்றிவிடுவது. நிலைய வாசலில் லேசாக உரசினாலே பழுதுச் செலவு வரும், கொள்ளைக்காரன் வந்தாலோ தப்பிக்க வேண்டிய சில விநாடிகள்கூடக் கிடைக்காது. சூப்பர்க்ரூஸில் யாராவது வழிமறித்து இழுத்தால், கனமான சரக்குக் கப்பலால் திமிறி வெல்வது கடினம். அந்நிலையில் வேகத்தைச் சுழியாக்கிப் பணிந்துவிடுவதே புத்திசாலித்தனம். பணிந்தால் டிரைவ் விரைவில் மறுபடி தயாராகும். அந்த இடைவெளியில் பூஸ்ட் கொடுத்துக்கொண்டே வேறொரு சிஸ்டத்தைக் குறிவைத்து ஜம்ப் செய்யுங்கள். அருகிலுள்ள கப்பலின் எடை உங்கள் சூப்பர்க்ரூஸைத் தாமதப்படுத்துமே தவிர, வேறு சிஸ்டத்துக்கான ஜம்பைத் தாமதப்படுத்தாது. இதற்காகப் பாதை தொடங்கும்போதே பக்கத்து சிஸ்டம் ஒன்றை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

சிறிய நேர இழப்புகளில் அடிக்கடி நிகழ்வது நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவது. முழு வேகத்தில் வருகிறீர்கள், நிலையத்தின் பெயருக்கு அருகில் நேரம் இறங்கிக்கொண்டே வருகிறது, பத்து, ஒன்பது, எட்டு. இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தால் எண் திடீரென்று ஐந்துக்குக் கீழே சரிந்து, நிலையம் கப்பலின் பக்கவாட்டில் பாய்ந்து பின்னால் போய்விடும், வட்டமடித்துத் திரும்ப ஓரிரு நிமிடம் போகும். ஏழு விநாடி என்று காட்டும் கணத்திலேயே வேகத்தை 75 சதவீதத்துக்கு, அதாவது நீலப் பகுதிக்குள், இறக்கிவிட்டால் பிறகு கையை எடுத்துவிடலாம். ஒரு மாலை முழுக்க ஓட்டும் பாதையில் இந்தப் பழக்கம், டன்னுக்குச் சில நூறு கிரெடிட் அதிகம் தரும் புதிய சந்தையைவிடக் கூடுதலாகச் சம்பாதித்துத் தரும்.

கடைசியாக, உங்கள் ஊரையும் உங்கள் நேரத்தையும் பாதையில் சேர்க்காமல் விடுவது. தனியாக விளையாடும் ‘சோலோ’ முறையிலும் எலைட் டேஞ்சரசுக்கு இணைய இணைப்பு கட்டாயம். ஏற்காட்டில் வசிக்கும் எங்கள் நண்பருக்கு மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அவர் கால் மணி நேரத்துக்குள் முடியும் சிறு சுற்றுகளைத்தான் போடுகிறார், அதில் அவருக்குக் குறையும் இல்லை. வெயில் காயும் வார இறுதிகளில் மட்டும் அவர் அபூர்வச் சரக்குப் பாதையை எடுப்பார். லேவ் சிஸ்டத்தின் லேவியன் பிராந்தி போன்ற இந்தச் சரக்குகள் ஒவ்வொரு நிலையத்திலும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், பிறந்த இடத்திலிருந்து தூரம் கூடக்கூட விலை ஏறும், சுமார் 150 ஒளியாண்டுக்கு மேல் அந்த ஏற்றம் தளர்ந்துவிடும். மொத்த வணிகத்தோடு ஒப்பிட்டால் வருமானம் குறைவு, ஆனால் பல நிலையங்களைத் தொட்டுச் செல்லும் அந்த நீண்ட பயணம் தரும் பார்வை வேறு எதிலும் கிடைப்பதில்லை.

இரவு விளையாட்டை நிறுத்தும் முன் மறுநாளுக்கென்று சரக்கை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அடுத்த நாளுக்குள் போய்ச்சேரும் நிலையத்தின் தேவையை மற்றவர்கள் நிரப்பியிருக்கலாம். வியாழக்கிழமை வாராந்திரப் பராமரிப்பு முடிந்த பின் சில சிஸ்டங்களின் நிலையே மாறியிருக்கலாம். கப்பலைக் காலியாக நிறுத்தி, கிரெடிட்டைக் கையில் வைத்து, காலையில் விலையைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.