ஒரிகான் தடத்தில் பழைய வண்டித்தடத்தை அடையாளம் காண்பது எப்படி?

அமெரிக்காவில், மிசோரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து மேற்கே ஒரிகான் வரை சுமார் 3,200 கிலோமீட்டர். 1840களில் மேற்கே குடிபெயர்ந்தவர்கள் மாட்டுவண்டிகளோடு நடந்த பாதை இது. பெரும்பகுதி உழவிலும் தார்ச்சாலையிலும் மறைந்துபோனது. மிச்சத்தைப் பார்க்க வயோமிங் மாநிலத்துக்குப் போங்கள்.

முதலில் கெர்ன்சி ஊருக்குத் தெற்கே, நார்த் பிளாட் ஆற்றங்கரையில் இருக்கும் மணற்பாறை. வேறு வழியில்லாமல் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் இந்த ஒரே இடத்தில் ஏறியதால், இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் பாறையை 5 அடி ஆழம்வரை அறுத்திருக்கின்றன. இங்கே கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகே புல்வெளிக்குப் போங்கள்.

புல்வெளியில் தடம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. நண்பகலில் தேடினால் ஏமாற்றம்தான். காலையில் அல்லது மாலையில், வெயில் சாய்ந்து விழும்போது, அகன்ற ஆழமில்லாத பள்ளமாக நிழல் கட்டும். பள்ளத்தின் நடுவைப் பாருங்கள். இரண்டு சக்கரக் கோடுகளுக்கு இடையே மண் மேடாக இருந்தால் அது பெரும்பாலும் ஜீப் போன தடம். மாட்டுவண்டியில் நடுவே குளம்புகள் மிதித்ததால் மேடு தங்காது. பள்ளம் ஒரே தொட்டிபோல் இருக்கும். பலரும் தவறுவது இங்கேதான்.

சரிவுகள் இன்னும் நல்ல சாட்சி. பாரவண்டி சரிவில் குறுக்கே போனால் குடைசாய்ந்துவிடும். அதனால் நேராக ஏறி நேராக இறங்கினார்கள். மலையைச் சுற்றி வளைந்து போகும் பாதை என்றால் பிற்காலத்தது என்று சந்தேகப்படுங்கள். சமவெளியில் முன்வண்டியின் புழுதிக்குப் பயந்து பக்கவாட்டில் பரவிப் போனதால், ஒரு தடத்தைக் கண்டால் இணையாக இன்னும் சில இருக்கின்றனவா என்று பாருங்கள். பாறைகளில் இரும்புப் பட்டை உரசிய துருக்கறையும் கிடைக்கும்.

28ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய சவுத் பாஸ் கணவாய் 7,412 அடி உயரம். ஆனால் ஏற்றமே தெரியாது. இவ்வளவு மென்மையான சரிவாக இருந்ததால்தான் பாரவண்டிகள் ராக்கி மலைத்தொடரைத் தாண்ட முடிந்தது. பக்கத்து ஊர்களான லாண்டரிலோ ஃபார்சனிலோ பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் மண்பாதையில் காரை இறக்க வேண்டாம்; சேற்றில் மாட்டுவதோடு, ஈரமண்ணில் உங்கள் டயர் பழைய தடத்தையே அழித்துவிடும். தனியார் நிலமென்றால் அனுமதி கேளுங்கள். அரசு நிலத்தில் கிடக்கும் ஆணி, லாடம் எதையும் எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.