கெஸ்ட்கிட்ட கொரோனா ரூல்ஸ் பேசுறது எப்படி: சண்டையும் வராம, ரிவ்யூவும் கெடாம

வீட்டையோ ஒரு ரூமையோ லீவுக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடுறவங்களுக்காக இதை எழுதுறேன். 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா பெருந்தொற்றுதான்னு சொன்னாங்க, அவசரநிலை முடிஞ்சுதுன்னு அவங்க சொன்னது 2023 மே 5ஆம் தேதி. நடுவுல மூணு வருஷம் நம்மள மாதிரி ஹோஸ்டுங்களுக்கு பாதி நாள் வீட்டு ஓனர் வேலை, பாதி நாள் போலீஸ் வேலை. அந்த போலீஸ் வேலையை நான் ஆரம்பத்துல ரொம்ப மட்டமா பண்ணினேன். ரெண்டு பக்கத்துக்கு ரூல்ஸ் டைப் பண்ணி லேமினேட் போட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சேன், வந்த ஒரு ஆள் கூட அதை படிக்கல, ஒரு குடும்பத்து குழந்தை மட்டும் பின்பக்கத்துல படம் வரைஞ்சு வச்சிருந்துச்சு. இன்னொரு அலையோ வேற ஏதாவது தொற்றோ வந்தா அதே தப்பை நீங்க பண்ணக்கூடாதுல்ல, அதுக்குத்தான் இது.

முதல்ல ரூல்ஸை குறைங்க. ஒவ்வொரு ரூலுக்கும் ரெண்டு கேள்வி கேளுங்க. இதை மீறினா எனக்கு தெரிய வருமா? தெரிஞ்சா நான் என்ன பண்ணப்போறேன்? ரெண்டுக்கும் பதில் இல்லன்னா அது ரூல் இல்ல, வெறும் ஆசை, அழிச்சுடுங்க. "வீட்டுக்குள்ள இருமும்போது முழங்கையால மூடவும்"னு எழுதி என்ன பிரயோஜனம், நீங்க போய் பார்க்கவா போறீங்க? கை கழுவுங்கன்னு எழுதுறதை விட வாசல் பக்கத்து சிங்க்ல சோப்பும் சுத்தமான துண்டும் வச்சா அவங்களாவே கழுவிட்டு போவாங்க. நான் கடைசியா வச்சிருந்தது நாலே நாலுதான்: புக் பண்ணின தலை எண்ணிக்கைக்கு மேல யாரும் வரக்கூடாது, வெளி ஆளை கூப்பிட்டு கூட்டம் போடக்கூடாது, காய்ச்சல் இருமல் இருந்தா வர்றதுக்கு முன்னாடியும் சரி வந்த பிறகும் சரி உடனே எனக்கு சொல்லணும், நானோ கிளீன் பண்றவங்களோ நேர்ல வந்தா ரெண்டு பக்கமும் மாஸ்க். அவ்ளோதான்.

இதுல அரசாங்க ரூல் எது, உங்க சொந்த ரூல் எதுன்னு பிரிச்சு எழுதுங்க. அரசாங்க ரூல் வாரத்துக்கு வாரம் மாறும், பழசை காப்பி பண்ணி லிஸ்டிங்ல, அதான் ஆப்ல உங்க வீட்டைப் பத்தி போடுற பக்கத்துல, போட்டுட்டு மறந்துட்டீங்கன்னா நாளைக்கு ஒரு கெஸ்ட் புது அறிவிப்பை காட்டி உங்களையே மடக்குவார். அதனால அந்த ஊர் சுகாதாரத்துறை பக்கத்தோட லிங்கை மட்டும் கொடுத்து, "வர்ற அன்னைக்கு இதுல என்ன இருக்கோ அது உங்களுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும்"னு ஒரு வரி போதும். அப்புறம் இன்னொன்னு, அரசாங்க ரூலை சொல்லும்போது நீங்க கெட்டவர் ஆக வேண்டியதில்ல, "நான் சொல்லல, இங்க சட்டம் அப்படி, மீறினா ரெண்டு பேருக்கும் அபராதம்"னு சொன்னா முக்கால்வாசி பேர் வாதம் பண்ணவே மாட்டாங்க.

ஊசி போட்ட சர்டிஃபிகேட் கேக்கலாமா டெஸ்ட் ரிசல்ட் கேக்கலாமான்னு நிறைய பேர் குழம்புறாங்க. அது நாட்டுக்கு நாடு மாறும். சில இடத்துல தங்குற இடத்துல செக் பண்ணியே ஆகணும்னு அரசாங்கமே சொன்னாங்க, சில இடத்துல ஒருத்தரோட உடம்பு விஷயத்தை கேட்டு வாங்கி வச்சிருந்தா அதுவே தப்பு. உங்க ஊர் சட்டத்தை பார்க்காம கேக்காதீங்க, கேட்டே ஆகணும்னா கண்ணால பார்த்துட்டு விட்டுடுங்க, போனுக்கு போட்டோ வாங்கி சேர்த்து வைக்காதீங்க. எதை கேட்டாலும் எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேளுங்க. 2020 ஆரம்பத்துல பேரையும் முகத்தையும் பார்த்து புக்கிங்கை கேன்சல் பண்ணின ஹோஸ்டுங்க இருந்தாங்க, அது நோய் பயம் இல்ல, வேற வியாதி.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. கெஸ்ட் காய்ச்சலை மறைக்கிறது அவர் கெட்டவர்ங்கறதால இல்ல, காசு போயிடும்ங்கறதால. கிளம்புறதுக்கு முந்தின நாள் தொண்டை கரகரங்குது, கேன்சல் பண்ணினா ஒரு பைசா திரும்ப வராது, லீவு போட்டாச்சு, பசங்க பையை கட்டி வச்சாச்சு, இந்த நிலைமைல யாரா இருந்தாலும் "ஏதோ ஏசில படுத்ததுனால இருக்கும்"னு மனசை தேத்திக்கிட்டு வண்டி ஏறத்தான் செய்வாங்க, நான் அவங்க இடத்துல இருந்தாலும் ஏறியிருப்பேனோ என்னவோ. ஏர்பிஎன்பின்னு இப்படி வீடு வாடகைக்கு விடுற ஆப் இருக்குல்ல, அதுல 2020 மார்ச் 14 வரைக்கும் பண்ணின புக்கிங்குக்குத்தான் கொரோனாவுக்குன்னு கொடுத்த ஸ்பெஷல் ரீஃபண்ட் தாராளமா கிடைச்சுது, அதுக்கப்புறம் பண்ணினதுக்கெல்லாம், ஆளுக்கே நோய் வந்தா தவிர, பெரும்பாலும் ஹோஸ்ட் வச்ச கேன்சலேஷன் பாலிசிதான். அதாவது பந்து நம்ம பக்கம் வந்துடுச்சு. கறாரான பாலிசியை வச்சுக்கிட்டு, கீழ "உடம்பு சரியில்லன்னா தயவுசெஞ்சு வராதீங்க"னு எழுதுறது இருக்கே, அது இந்த கையால கூப்பிட்டு அந்த கையால தள்ளுற கதை.

நான் பண்ணினது இது: உடம்பு சரியில்லன்னு கிளம்புறதுக்கு முன்னாடி சொன்னா தேதியை மாத்தி தருவேன், ஆறு மாசத்துக்குள்ள எப்ப வேணா வரலாம், காசு அப்படியே இருக்கும். டாக்டர் சர்டிஃபிகேட்லாம் கேக்கல. கேட்டா மறுபடியும் அதே சிக்கல்தான், சர்டிஃபிகேட் வாங்க அலையணுமேன்னு பேசாம வந்துடுவாங்க. ஏமாத்திட்டு போனவங்களும் ஒன்னு ரெண்டு பேர் இருக்கலாம், இருந்துட்டு போகட்டும், ஒரு நோயாளி வந்துட்டு போய் கிளீன் பண்றவங்க படுத்து அடுத்த ரெண்டு புக்கிங்கை கேன்சல் பண்றதை விட அது எனக்கு நஷ்டம் கம்மி. ஆனா வாயால சொல்லாதீங்க, லிஸ்டிங்லயே எழுதுங்க, மெசேஜ்லயும் எழுதுங்க.

மெசேஜ் எப்ப அனுப்புறதுங்கறதும் ஒரு விஷயம். புக் பண்ணின உடனே ஒன்னு, வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி ஒன்னு, போதும். மூணு நாள் ஏன்னா, அதுக்குள்ள மாத்திக்க அவங்களுக்கும் டைம் இருக்கு, எனக்கும் அந்த தேதிக்கு வேற ஆள் கிடைக்க வாய்ப்பிருக்கு. மெசேஜ் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம், வெள்ளிக்கிழமை உங்களுக்காக வீடு ரெடியா இருக்கும். ரெண்டு விஷயம் மட்டும் கன்ஃபர்ம் பண்ணுங்க. எத்தனை பேர் வர்றீங்க? கூட வர்றவங்கள்ல யாருக்காவது இப்ப காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருக்கா? இருந்தா கவலைப்படாதீங்க, சார்ஜ் இல்லாம தேதி மாத்தி தர்றேன். பதில் வந்ததும் சாவி கோடு அனுப்புறேன்."

கடைசி வரியை பார்த்தீங்களா, அதுதான் விஷயமே. பதில் வந்தாத்தான் கோடு. மிரட்டல் இல்ல, ஆனா படிக்காம தாண்டிப்போக முடியாது. பதிலும் எழுத்துல இருக்கு, நாளைக்கு "எங்களுக்கு யாரும் சொல்லல"ன்னு சொல்ல முடியாது. எந்த ஆப்ல புக் ஆச்சோ அந்த ஆப் மெசேஜ்லயே பேசுங்க, போன்ல பேசினாலும் முடிச்ச உடனே "இப்ப பேசினபடி"ன்னு ரெண்டு வரி தட்டி விடுங்க.

சரி, சொல்லியும் கேக்கல. நாலு பேருக்கு புக் பண்ணிட்டு ஒன்பது பேர் வந்து இறங்குறாங்க. எனக்கு இது நடந்திருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி "என்னங்க கல்யாணமா"ன்னு கேட்டப்பதான் எனக்கே தெரியும். உடனே கிளம்பி போய் வாசல்ல நின்னு கத்தினேன், அது தப்பு, பத்து பேரு கூடி நிக்கிற இடத்துல மாஸ்க் இல்லாம கத்தினா யாருக்கு ரிஸ்க்? இப்ப நான் போறதே இல்ல. முதல்ல மெசேஜ்: "கூடுதலா ஆள் இருக்கிறதா தெரிய வந்துச்சு, புக்கிங் நாலு பேருக்குத்தான், இன்னும் ஒரு மணி நேரத்துல மத்தவங்க கிளம்பிட்டா இத்தோட விட்டுடலாம்." இதுல குத்தம் சொல்றது கம்மி, வெளிய வர ஒரு வழி இருக்கு, டைமும் இருக்கு. அதுக்கு அசையலன்னா போன். அதுக்கும் அசையலன்னா புக் பண்ணின ஆப்போட ஹெல்ப்லைன், கடைசியாத்தான் போலீஸ். ஏர்பிஎன்பி 2020 ஆகஸ்ட்ல உலகம் முழுக்க பார்ட்டிக்கு தடை போட்டாங்க, 2022 ஜூன்ல அதை நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க, அதனால அந்த ரூலை காட்டினா உங்க பக்கம் கொஞ்சம் வெயிட் இருக்கும். கரண்டை நிறுத்துறது, தண்ணியை மூடுறது, சொல்லாம உள்ள நுழையுறது, இதெல்லாம் கோவத்துல தோணும், பண்ணினா தப்பு உங்க மேல திரும்பிடும்.

கண்காணிக்கிறேன்னு கேமராவை உள்ள வைக்காதீங்க. வாசல்ல வெளிப்பக்கம் ஒன்னு இருக்கலாம், அதையும் லிஸ்டிங்ல சொல்லியிருக்கணும். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் கடைசில இருந்து வீட்டுக்குள்ள கேமராவே கூடாதுன்னுட்டாங்க, ஆஃப்ல இருந்தாலும் கூடாது. சத்தத்தோட அளவை மட்டும் பார்க்குற மானிட்டர் ஹால்ல வைக்கலாம், பேச்சை ரெகார்ட் பண்ணாது, ஆனா அதையும் முன்னாடியே சொல்லிடணும், பெட்ரூம்ல வைக்கக்கூடாது.

இன்னொரு பக்கம் பார்த்தா, கெஸ்டை திருத்துறதை விட வீட்டை திருத்துறது ஈஸி. சாவியை நம்பர் லாக் பெட்டில வச்சுட்டா நேர்ல பார்க்குற வேலையே இல்ல, மாஸ்க் சண்டையும் இல்ல. இந்த வைரஸ் முக்கியமா காத்து வழியாத்தான் பரவுதுன்னு பின்னாடி தெளிவாயிடுச்சு, பொருளை தொட்டு வர்றது ரொம்ப குறைவு, ஆனா நாமெல்லாம் முதல் வருஷம் கதவு கைப்பிடியை தேய்ச்சு தேய்ச்சு பாலிஷ் போட்டுக்கிட்டு ஜன்னலை பூட்டி வச்சிருந்தோம். புகை மாதிரி மருந்து அடிக்கிற மெஷின் வாங்கினவங்களும் உண்டு, வீட்டுக்குள்ள அப்படி அடிக்கிறதை உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாசமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. திறக்க வராத ஜன்னலை சரி பண்ணுங்க, கொசு வலை இல்லன்னா போடுங்க, வலை இல்லாத ஜன்னலை எந்த கெஸ்டும் திறக்க மாட்டாங்க. ஒரே வீட்டுல நீங்களும் இருந்து ரூம் மட்டும் விடுறீங்கன்னா பொது இடத்துல ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைங்க, எல்லாரும் விடுற மூச்சுக்காத்து உள்ள எவ்வளவு தேங்கியிருக்குன்னு அது காட்டும், வெளிக்காத்துல 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) பக்கம் இருக்கும், உள்ள 800ஐ தாண்டினா ஜன்னலை திறக்கணும்னு ஒரு சின்ன சீட்டு பக்கத்துல. நீங்க சொன்னா முறைப்பாங்க, மீட்டர் சொன்னா எழுந்து போய் திறப்பாங்க, மனுஷ குணம் அப்படி. ஜன்னல் கம்மியா இருக்கிற ரூமுக்கு காத்துல இருக்கிற ரொம்ப நுண்ணிய துகளையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்கிற ஏர் பியூரிஃபையர்.

கிளீனிங்ல ஒன்னு மட்டும் சொல்லிடறேன். 5 சதவீத பிளீச்சா இருந்தா ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி, அன்னைக்கு கலக்கினதை அன்னைக்கே தீர்த்துடணும், முதல்ல சோப்பு போட்டு துடைச்சுட்டு அப்புறம்தான் இது. பிளீச்சோட ஆசிட்டையோ அமோனியா இருக்கிற கிளீனரையோ சேர்த்தா விஷவாயு வரும், கொரோனாவை விட சீக்கிரம் ஆளை சாய்ச்சுடும்.

கெஸ்ட் தங்கியிருக்கும்போதே நோய் வந்துட்டா? இதை யாரும் முன்னாடி யோசிக்கிறதில்ல. வெளிய போன்னு விரட்டாதீங்க, எங்க போவாங்க, தனிமைல இருக்கிற ஆளை நகரவே கூடாதுன்னு பல நாடுகள்ல சட்டம் இருந்துச்சு. தனிமை நாளும் மாறிக்கிட்டே வந்துச்சு, அமெரிக்காவுல பத்து நாள்னு இருந்ததை 2021 டிசம்பர் கடைசில அஞ்சு நாளா குறைச்சாங்க, அதனால அன்னைய தேதிக்கு என்ன கணக்குன்னு பாருங்க. கூடுதல் நாளுக்கு யார் காசு கொடுக்குறது, என்ன ரேட்டு, அடுத்து வர வேண்டிய கெஸ்டுக்கு என்ன பதில், இது மூணையும் புக்கிங் நேரத்துலயே ஒரு வரில எழுதி வைங்க, ஏன்னா காய்ச்சல்ல படுத்திருக்கிற ஆள்கிட்ட பேரம் பேசுறது மாதிரி அசிங்கம் வேற கிடையாது. நான் சாதா ரேட்டுல பாதின்னு வச்சிருந்தேன், உங்களுக்கு எது கட்டுமோ பாருங்க. தேவையானதை வாசல்ல வச்சுட்டு மெசேஜ் பண்ணுங்க, ஒரு நாளைக்கு ஒரு தடவை எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, பேச்சு குழறுது, உதடு நீலமாகுதுன்னா ஆம்புலன்ஸ்தான், யோசிக்கவே கூடாது. அந்த நம்பரும் பக்கத்து ஆஸ்பத்திரி விலாசமும் வீட்டு விலாசத்தோட சேர்த்து பெரிய எழுத்துல சுவத்துல இருக்கட்டும், அவசரத்துல வெளியூர்க்காரங்களுக்கு தாங்க இருக்கிற வீட்டு விலாசமே தெரியாது.

அவங்க போன பிறகு எல்லா ஜன்னலையும் திறந்து போட்டு ஒரு நாள் விட்டுட்டு அப்புறம் கிளீனிங்குக்கு அனுப்புங்க. கிளீன் பண்றவங்ககிட்ட முன்னாடியே உண்மையை சொல்லுங்க. நான் ஒரு தடவை சொல்லாம விட்டேன், எதுக்கு வீணா பயமுறுத்தணும்னு, அவங்க பாத்ரூம் குப்பைல டெஸ்ட் கிட்டை பார்த்து தெரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு கோடு போட்டிருந்துச்சு. அன்னைக்கு அவங்க ஒன்னும் பேசல, அடுத்த வாரம் வரல. நான் நேர்ல போய் மன்னிப்பு கேட்டு, அவங்க வராத அந்த வாரத்துக்கும் சம்பளம் கொடுத்து, இனிமே நோய் வந்த வீடுன்னா வர்றதா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணலாம்னு சொன்ன பிறகுதான் திரும்ப வந்தாங்க.