கோடை விடுமுறைக் கூட்டத்தில் குடும்பத்தோடு ஈபிள் கோபுரம்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பா முழுவதும் பள்ளி விடுமுறை. பாரிஸில் அந்தக் கூட்டம் மொத்தமும் ஈபிள் கோபுரத்தடியில்தான் நிற்கும். தாத்தா பாட்டி, கைக்குழந்தை என்று போகிறவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: உங்களில் யார் எல்லோரையும்விட மெதுவாக நடப்பவரோ, அவரை வைத்தே அன்றைய திட்டத்தைப் போடுங்கள்.

1. தேதியும் டிக்கெட்டும்

லிஃப்ட் டிக்கெட் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே ஆன்லைனில் வந்துவிடும். விமான டிக்கெட் கைக்கு வந்ததும் அடுத்த வேலை இதுதான். கோபுரத்தின் சொந்த இணையதள முகவரி 'டாட் பாரிஸ்' என்று முடியும். தேடினால் அதற்கு மேலேயே பல இடைத்தரகர்களின் விளம்பரங்கள் வந்து நிற்கும். விலையும் கூடுதலாக இருக்கும். முகவரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, ஆனால் அந்தக் குழந்தையையும் கணக்கில் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

காலை முதல் ஸ்லாட்டுகளில் ஒன்றை எடுங்கள். வெயிலும் குறைவு, பெரியவர்களுக்கும் தெம்பு இருக்கும். ஜூலை 14 பிரான்ஸின் தேசிய தினம். அன்று இரவு வாணவேடிக்கை அந்தக் கோபுரத்தில்தான் நடக்கும், சுற்றுவட்டாரமே அடைபட்டுவிடும். ஏறுவதற்கு வேறு நாள் பாருங்கள்.

2. எதுவரை ஏறுவது?

மூன்று தளங்கள் உண்டு. முதல் தளம் 57 மீட்டர், இரண்டாவது சுமார் 115 மீட்டர், உச்சி 276 மீட்டர் உயரத்தில். உச்சிக்குப் போக இரண்டாம் தளத்தில் இறங்கி, இன்னொரு வரிசையில் நின்று, வேறு லிஃப்டில் ஏற வேண்டும். விடுமுறை நாட்களில் மேலே ஏறவும் நிற்க வேண்டும், இறங்கவும் நிற்க வேண்டும். உட்கார இடம் தேடி அலைய வேண்டிவரும். பலத்த காற்று அடித்தால் உச்சியை மூடியும் விடுவார்கள்.

வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் இரண்டாம் தளமே போதும் என்பது என் உறுதியான கருத்து. செய்ன் நதி, அதன் பாலங்கள், தூரத்தில் மொன்மார்த்ர் குன்றின் மேல் வெள்ளையாகத் தெரியும் தேவாலயம் எல்லாமே அங்கிருந்து கண்ணுக்கு நன்றாக எட்டும். உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் ரொம்பவே சின்னதாகிவிடும். படியேறும் டிக்கெட் மலிவுதான். ஆனால் இரண்டாம் தளத்துக்கு 670-க்கும் மேல் படிகள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சரி.

3. பையில் என்ன, எது கூடாது

பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள், அங்கே வைத்துவிட்டுப் போக இடமும் கிடையாது. பழம் நறுக்கும் கத்தி, கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் இரண்டும் அறையிலேயே இருக்கட்டும். குழந்தை வண்டி மடக்குகிற வகையாக இருக்க வேண்டும். கோடையிலும் மேலே காற்று குளிரும் என்பதால் ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பிரிந்துபோனால்

கிளம்பும் முன் அன்று போட்டிருக்கும் உடையோடு ஒவ்வொரு குழந்தையையும் போனில் ஒரு படம் எடுங்கள். உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு குழந்தையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்புறம், எல்லோரும் சந்திக்க ஓர் இடம். "கோபுரத்துக்குக் கீழே" என்று சொன்னால் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியாது, அது அவ்வளவு அகலம். நான்கு கால்களுக்கும் திசைப் பெயர்கள் உண்டு. வடக்குக் காலடியில் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபிளின் பொன்னிற மார்பளவுச் சிலை இருக்கிறது. போனதும் முதலில் பாட்டியையும் பிள்ளைகளையும் அதன் முன்னால் நிறுத்தி, "காணாமல் போனால் இங்கே வந்து நில்லு" என்று காட்டிவிடுங்கள்.

5. வாசலும் வரிசையும்

டிக்கெட் நேரத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்பே போய்விடுங்கள். வளாகத்துக்குள் நுழையும்போது ஒரு சோதனை, லிஃப்டுக்கு முன்னால் இன்னொன்று. கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர்கள், மணிக்கட்டில் கயிறு கட்ட வருகிறவர்கள், மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துப் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரிடமும் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். நீங்கள் நின்று பேசும் அந்த நிமிடத்தில்தான் பக்கத்தில் ஒரு கை பையைத் திறக்கும். பாஸ்போர்ட்டும் பணமும் சட்டைக்குள் தொங்கும் சின்னப் பையில் இருக்கட்டும்.

மேலே போனதும் இரண்டாம் தளத்தை முதலில் பார்த்துவிட்டு, திரும்பும்போது முதல் தளத்தில் இறங்குங்கள். பலர் அதைத் தவறவிடுகிறார்கள். இடம் விசாலம், கழிப்பறை இருக்கிறது, காலுக்குக் கீழே தரை தெரியும் கண்ணாடித் தளமும் உண்டு. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் பாடு.

6. விளக்கு பார்க்க வேண்டுமா?

இருட்டிய பிறகு மணிக்கொரு முறை 5 நிமிடம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும். ஜூலையில் சூரியன் மறையவே இரவு பத்து மணி நெருங்கிவிடும் என்பதால் குழந்தைகளை மதியம் தூங்க வையுங்கள். இதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ட்ரொக்கதேரோ மேடையிலிருந்து பார்ப்பதுதான் அழகு.

7. சாப்பாடு

நம் சாப்பாடு வேண்டுமென்றால் லா ஷாப்பெல் பகுதிக்குப் போங்கள். ஈழத் தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும் தெருக்கள் அவை. லா ஷாப்பெல்லிலிருந்து மெட்ரோ 2-ஆம் தடத்தில் எத்துவால் வரை, அங்கே 6-ஆம் தடத்துக்கு மாறி பீர் ஹக்கேம் நிலையத்தில் இறங்கினால் கோபுரத்துக்கு நடக்கும் தூரம்தான். இப்படி வரும்போது பாசி நிலையம் தாண்டியதும் ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும். இடப்பக்க ஜன்னலைப் பிள்ளைகளுக்குப் பிடித்துக் கொடுங்கள்.