மெயின் எம்சிபியில் அலுமினிய ஒயர் சூடாகிறதா? கண்டுபிடிப்பது எப்படி

மோட்டார் போட்டால் ஹாலில் விளக்கு மங்குகிறது, மெயின் பக்கம் போனால் லேசாகப் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. உடனே எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணைகிற ஸ்விட்ச்) போய்விட்டது என்று சொல்லி 32 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 63 மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் மெயினுக்கு வருவது அலுமினிய ஒயர் என்றால் (பழைய வீடுகளில் இது சாதாரணம்) முதலில் சந்தேகப்பட வேண்டியது எம்சிபியை அல்ல, ஒயர் ஸ்க்ரூவுக்குள் நுழைகிற அந்த அரை அங்குல இடத்தை.

அலுமினியம் மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்திலேயே நாளடைவில் நசுங்கி விலகும். சூட்டில் செம்பை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும், அதனால் ராத்திரி ஏசி ஓடும்போது விரிந்து காலையில் சுருங்கி, இப்படியே பிடி தளர்ந்துகொண்டு போகும். போதாததற்கு, காற்றுப் பட்டதும் அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுக்கிறது, அந்த இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 45 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை எம்சிபிக்குள் செருகி வைத்த மாதிரி. குறைகிற வோல்டேஜோ ஒன்றரை வோல்ட்தான், விளக்கில்கூடத் தெரியாது. ஆம்பியர் அளவுக்குள் இருப்பதால் எம்சிபியும் இதைக் கோளாறாகப் பார்க்காது. சில சமயம் அந்தச் சூடு எம்சிபிக்குள்ளே இருக்கிற, சூட்டில் வளைந்து டிரிப் செய்கிற உலோகப் பட்டைக்குப் போய், லோடு குறைவாக இருக்கும்போதே அடிக்கடி டிரிப் ஆகும். 63 மாட்டத் தோன்றுவது இப்போதுதான்!

மெயினை ஆஃப் செய்தாலும் அதன் மேல்பக்கம், அதாவது மீட்டரிலிருந்து வரும் ஒயரில், சப்ளை இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மூடியைக் கழற்றாமல் பார்க்க முடிந்ததை மட்டும் நீங்கள் பாருங்கள், மீதி வயர்மேன் வேலை.

பகலில் சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. பெரிய லோடுகளை எல்லாம் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். அப்புறம் காது கொடுத்துக் கேளுங்கள், சரசரவென்றோ ரீங்காரமாகவோ சத்தம் வந்தால் உள்ளே பொறி அடிக்கிறது, மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் லோடுகளை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சத்தம் இல்லையென்றால் டார்ச் அடித்து ஒயரின் தோலைப் பாருங்கள். ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் மட்டும் பழுப்பேறி, விறைத்து, பின்வாங்கியிருந்தால் இணைப்புதான் குற்றவாளி. ஒயர் நீளத்துக்கும் ஒரே மாதிரி சுடுகிறதென்றால் அது ஓவர்லோடு, ஒயர் சைஸ் போதவில்லை. இரண்டு முனையும் சாதாரணமாக இருந்து எம்சிபியின் நடு உடம்பு மட்டும் கொதித்தால், சரி, இப்போது எம்சிபியைச் சந்தேகப்படலாம்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி வேண்டாம், அது உடம்புச் சூட்டுக்கானது. பளபளக்கிற ஸ்க்ரூவைக் குறி வைக்காதீர்கள், உலோகம் சூட்டைக் குறைத்துக் காட்டும். பக்கத்தில் உள்ள ஒயர் தோலில் பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், ஆக சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 42 டிகிரி, மற்றது 70 என்றால் பதில் கிடைத்துவிட்டது. சாதாரண பிவிசி தோல் தாங்குகிற உச்சமே 70தான்.

உங்கள் டிஜிட்டல் மீட்டரின் திரையில் மாறி மாறி வரும் எண்களில் வோல்டேஜும் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், லோடு ஓடும்போது அந்த எண்ணையும் வீட்டு பிளக்கில் மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிடலாம். மீட்டரிலேயே குறைந்தால் பிரச்சினை லைனிலோ சர்வீஸ் ஒயரிலோ இருக்கிறது. மீட்டரில் 228, லோடு இல்லாத பிளக்கில் 219 என்றால் இடையில் எங்கோ இணைப்பு தின்கிறது.

த்ரீ ஃபேஸ் வீடென்றால் ஒரு அறையில் விளக்கு மங்கி இன்னொரு அறையில் பளீரென்று எரிகிறதா, உடனே மெயினை அணையுங்கள். நியூட்ரல் லூஸ். சில ஃபேஸில் வோல்டேஜ் 400 பக்கம் ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

வயர்மேன் வந்து, சப்ளை மீட்டருக்கு முன்னாலேயே நின்ற பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். சீல் வைத்த மீட்டரும் கட்டவுட்டும் (மீட்டர் பக்கத்து ஃபியூஸ்) மின்வாரியத்துடையவை, அங்கே கோளாறென்றால் மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள். ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள்; கருகிய அலுமினியத்தை எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளரும், கூடுதலாக இறுக்கினால் இழைகள் நசுங்கும். கருகிய துண்டை வெட்டிவிட்டு, புது முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவி, அளவான லக்கை (ஒயர் முனையில் மாட்டுகிற உலோகக் குழல்) கிரிம்ப் செய்ய, அதாவது கருவியால் அழுத்திப் பிடிக்க வைக்க வேண்டும். செம்போடு சேர்க்கிற இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு). இரண்டையும் முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது, ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். பழுப்பேறிய எம்சிபியையும் அதே ஆம்பியரில் மாற்றிவிடுங்கள், அலுமினியத்துக்கு ஏற்ற டெர்மினல்தானா என்று பார்த்து வாங்கி. ஒரு மாதம் கழித்து அதே லோடுகளைப் போட்டு மறுபடியும் சூடு பாருங்கள்.